மந்திரி பதவியை மரியாதையாக இழப்பது எப்படி?

மந்திரி பதவியைப் பிடிப்பது எப்படி என்று சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமே இல்லை. இழப்பது எப்படி என்று சொல்லித்தரத்தான் யாரும் இல்லை. தேர்தலில் தோற்று இழப்பது சுலபம். கஜானாவில் கைவைத்து இழப்பது அதைவிடச் சுலபம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வைத்தியம் தரப்போய், ஆயர்கள் எழுதிய கடிதத்தால், சொந்தக் கட்சித் தலைவரே ராஜினாமா கேட்க, முப்பத்தைந்து வயதில் வீடு திரும்புவது இருக்கிறதே, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சியை முழுசாக முடித்தவர் அயர்லாந்தின் டாக்டர் நோயல் பிரௌன். 1948 பிப்ரவரியில் சுகாதார மந்திரி, 1951 ஏப்ரலில் முன்னாள் மந்திரி. சீர்திருத்த ஆசை பிடித்த இளம் மருத்துவர்களுக்காக அவர் வாழ்க்கையிலிருந்து திரட்டிய யோசனைகள் இவை. பின்பற்றினால் பலன் நிச்சயம்.

தேவையானவை: ஓர் ஏழை நாடு. பள்ளிக்கூடங்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும், பெரிய மருத்துவமனைகளில் பலவற்றையும் நடத்திவரும் கத்தோலிக்கத் திருச்சபை. அந்தத் திருச்சபைக்கு நாட்டில் விசேஷ இடம் உண்டு என்று எழுதிவைத்த அரசியல் சட்டம் (அயர்லாந்தில் இது 1937இல் தயார்). அந்தச் சட்டத்தை அன்றைய அரசாங்கத் தலைவர் டி வலேரா எழுதியபோது பக்கத்திலிருந்து யோசனை சொல்லி, மூன்றே வருடத்தில் டப்ளின் பேராயராகிவிட்ட ஜான் சார்ல்ஸ் மக்வெய்ட் போன்ற ஒருவர். வருமானத்தில் கண்ணாக இருக்கும் மருத்துவர் சங்கம். கொஞ்சம் முன்கோபம். கடைசிச் சரக்கை வெளியே வாங்க வேண்டியதில்லை, பிரௌனுக்கு அது பிறவியிலேயே தாராளமாக இருந்தது.

எதிரியை வீட்டுக்குள்ளேயே சந்தித்துவிடுங்கள்

சீர்திருத்தவாதிக்குக் கொள்கை புத்தகத்திலிருந்து வந்தால் பாதியில் ஆறிப்போகும். வீட்டிலிருந்து வந்தால் ஆறாது. பிரௌன் 1915இல் வாட்டர்ஃபோர்டில் பிறந்தார். அப்பா, குழந்தைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் சங்கத்தில் இன்ஸ்பெக்டர். அவரைக் காசநோய் கொண்டுபோனது. அம்மா தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு லண்டனுக்குக் கப்பலேறினார். போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் அவரையும் அதே நோய் கொண்டுபோனது. குடும்பத்தைத் தோளில் தூக்கிச் சுமந்த அக்கா ஐலீனையும் பிறகு விடவில்லை. 1940இல், மருத்துவ மாணவனாக இருந்தபோது, நோயலின் நுரையீரலுக்கே வந்தது. அவர் பிழைத்ததற்குக் காரணம், பணக்காரக் குடும்பம் ஒன்று செலவை ஏற்று இங்கிலாந்தில் நல்ல சானடோரியத்தில் சேர்த்ததுதான்.

இதையெல்லாம் வேடிக்கைக் கட்டுரையில் எழுதக் கை கூசத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் காலத்து அயர்லாந்தில் இந்தக் குடும்பம் ஒன்றும் விதிவிலக்கல்ல. 1940களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 3,000 பேருக்கு மேல் காசநோயில் செத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அந்த நோய் இருப்பதாகத் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது, பையனுக்கு வேலை கிடைக்காது. ஆகவே மூடி மறைத்தார்கள். நோய் மறைவிலேயே நன்றாகப் பரவியது.

தவறான கல்லூரியில் படியுங்கள்

பிரௌனைப் படிக்கவைத்ததும் கத்தோலிக்கர்கள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் சேசு சபையார் நடத்திய போமண்ட் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே சிநேகிதனான பையனின் குடும்பம்தான் அவரை டாக்டருக்குப் படிக்கவைத்தது, சானடோரியத்துக்கும் பணம் கட்டியது. அவருக்குக் கத்தோலிக்கர்கள்மேல் கோபம் வரக் காரணமே இல்லை; நன்றிதான் வந்திருக்க வேண்டும். வந்தும் இருந்தது.

ஆனால் படித்த இடம் டப்ளினின் டிரினிட்டி கல்லூரி. இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் காலத்தில், 1592இல் தொடங்கிய புராட்டஸ்டண்ட் கோட்டை. பேராயரின் சிறப்பு அனுமதி இல்லாமல் கத்தோலிக்கப் பிள்ளைகள் அங்கே சேருவது பாவம் என்று மக்வெய்ட் தவக்காலச் சுற்றுமடல்களில் திரும்பத் திரும்ப எழுதினார். பிற்காலத்தில் சுகாதார மந்திரியைப் பற்றி ஆயர் இல்லங்களில் பேச்சு வந்தபோது, ஆள் எங்கே படித்தவர் என்பது எல்லாருக்கும் நினைவிருந்தது. எதிர்காலத்தில் உங்கள்மேல் சந்தேகம் எழ வேண்டுமென்றால் அதற்கான வித்தை இருபது வயதிலேயே போட்டுவைப்பது நல்லது.

புதுக் கட்சியில் சேருங்கள்

பழைய கட்சியில் சேர்ந்தால் மந்திரியாக இருபது வருடம் ஆகும், அதற்குள் புத்தி வந்துவிடும். 1946இல் பிறந்த கிளான் ந பொப்லக்டா கட்சி அப்படியல்ல. தலைவர் ஷான் மக்பிரைட், ஐ.ஆர்.ஏ.வின் முன்னாள் தலைமைத் தளபதி. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தையே துப்பாக்கியோடு எதிர்த்தவர். பின்னாளில், 1974இல், சமாதானத்துக்கு நோபல் பரிசும் வாங்கினார். இப்பேர்ப்பட்டவர் ஓர் ஆயரின் கடிதத்துக்கா பயப்படப் போகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். நினையுங்கள். கையேட்டின் அடுத்த பகுதிகளுக்கு அந்த நம்பிக்கை அவசியம்.

1948 தேர்தலில் கட்சிக்குப் பத்து இடம். பதினாறு வருடம் நாற்காலியை விட்டு நகராத டி வலேராவை இறக்க வேண்டும் என்ற ஒரே புள்ளியில் ஐந்து கட்சிகளும் சில சுயேச்சைகளும் கூடி ஆட்சி அமைத்தார்கள். ஃபைன் கேல் கட்சியின் ஜான் காஸ்டெல்லோ பிரதமர். பிரௌன் பாராளுமன்றத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் நாளே சுகாதார மந்திரி. வயது முப்பத்திரண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த மந்திரிசபை பதவியேற்ற கையோடு செய்த வேலைகளில் ஒன்று, போப்பாண்டவரின் பாதங்களில் தங்கள் பக்தியைச் சமர்ப்பித்து ரோமுக்குத் தந்தி அடித்தது. நீங்கள் சேரப்போகும் அரசாங்கம் முதலில் யாருக்குத் தந்தி அடிக்கிறது என்பதைக் கவனித்துவிட்டு, கவனிக்காததுபோல வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் வெற்றி பெறுங்கள்

தோற்கும் மந்திரியை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். எல்லாரும் சேர்ந்து இறக்கும் அளவுக்கு முதலில் நீங்கள் உயர வேண்டும். பிரௌன் உயர்ந்த விதம் சுவாரசியமானது.

அயர்லாந்தில் மருத்துவமனைகளுக்குப் பணம் சேர்க்க 1930 முதல் குதிரைப்பந்தய லாட்டரி நடந்தது. டிக்கெட்டுகள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சட்டத்துக்குப் புறம்பாக விற்றன. எங்கோ ஒரு பந்தயத்தில் ஏதோ ஒரு குதிரை முந்தும், டப்ளினில் ஒரு வார்டுக்கு ஓடு வேயப்படும். இந்தப் பணம் ஒரு பெரும் நிதியாகக் குவிந்திருந்தது. முதலைத் தொடாமல் வட்டியில் வாழ்வதுதான் விவேகம் என்று குடும்பப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆள் செத்துக்கொண்டிருக்கும்போது முதல் எதற்கு என்றார் பிரௌன். எடுத்துச் செலவழித்தார். சும்மா கிடந்த கட்டடங்கள் சானடோரியங்களாயின. 1950க்குள் காசநோயாளிகளுக்குச் சுமார் 2,000 படுக்கைகள் கூடின. ஊர் ஊராக எக்ஸ்ரே, பி.சி.ஜி. தடுப்பூசி, சரியான சமயத்தில் வந்துசேர்ந்த ஸ்ட்ரெப்டோமைசின். சாவு எண்ணிக்கை சரியத் தொடங்கியது. தேசிய ரத்த வங்கியும் அவர் காலத்தில் பிறந்ததுதான்.

இதில் பழைய அரசாங்கத்தின் பங்கும் உண்டு. சானடோரியம் கட்டுவதற்கான சட்டம் 1945இலேயே வந்துவிட்டது. டாக்டர் ஜேம்ஸ் டீனி என்ற தலைமை மருத்துவ ஆலோசகர் திட்டங்களை வரைந்து வைத்திருந்தார். பிரௌன் இதையெல்லாம் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. நன்றி சொன்னால் நண்பர்கள் கிடைப்பார்கள். நண்பர்கள் இருந்தால் பதவியை இழப்பது தாமதமாகும்.

சாவு வீட்டுக்குள் போங்கள்

1949 ஜூலையில் அயர்லாந்தின் முதல் ஜனாதிபதி டக்ளஸ் ஹைட் காலமானார். ஐரிஷ் மொழிக்காக ஆயுளைக் கொடுத்தவர். ஆனால் புராட்டஸ்டண்ட். டப்ளினின் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில் இறுதிச் சடங்கு. கத்தோலிக்கர்கள் வேறு சபையாரின் வழிபாட்டில் கலந்துகொள்ளக் கூடாது என்பது அன்றைய விதி. ஆகவே நாட்டின் கத்தோலிக்க மந்திரிகள், தங்கள் ஜனாதிபதிக்கு உள்ளே ஜெபம் நடக்க, வெளியே காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பிரௌன் மட்டும் படியேறி உள்ளே போனார்.

இது ஒன்றும் புரட்சியல்ல, சாதாரண மனித மரியாதை. ஆனாலும் கோப்பில் இன்னொரு தாள் சேர்ந்தது.

கர்ப்பிணியிடம் சம்பளச் சான்றிதழ் கேட்காதீர்கள்

கையேட்டின் மையமான பயிற்சிக்கு வந்துவிட்டோம். பொறுமையாகப் படியுங்கள்.

ஏழைகளுக்கு அயர்லாந்தில் இலவச வைத்தியம் ஏற்கெனவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நடந்துவந்த தர்ம வைத்தியசாலை முறை. அதற்கு ஒரு சீட்டு வேண்டும். டாக்டர் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் சிவப்புச் சீட்டு. சீட்டை உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் தர வேண்டும். பிள்ளைக்கு நெஞ்சு இரைக்கிற ராத்திரியில் பிரமுகர் வீட்டு வாசலில் நின்று, தாங்கள் ஏழைதான் என்று ஒரு தாய் நிரூபிக்க வேண்டும். சீட்டு கையில் வருவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

1947இல் டி வலேராவின் அரசாங்கம் கொண்டுவந்த சுகாதாரச் சட்டத்திலேயே இந்த அவமானத்தை ஒழிக்க வழி இருந்தது. அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு பிரௌன் தீட்டியதுதான் தாய் சேய் திட்டம். எல்லாத் தாய்மார்களுக்கும் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் இலவசக் கவனிப்பு. பதினாறு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச வைத்தியம். வருமானச் சோதனை கிடையாது. யார் வீட்டுப் பிள்ளை என்றும் கேட்க மாட்டார்கள்.

அந்த 'எல்லா' என்பதில்தான் வெடிமருந்து இருந்தது. ஏழைகளுக்கு மட்டும் என்றிருந்தால் எல்லாரும் கைதட்டியிருப்பார்கள். எல்லாருக்கும் என்றால் வசதியான வீட்டுப் பிரசவங்களுக்கும் ஃபீஸ் போய்விடும். குடும்ப டாக்டரின் வருமானத்தில் அது பெரிய துண்டு. ஐரிஷ் மருத்துவர் சங்கம் கொதித்தெழுந்தது.

தன் பையைப் பற்றி யாரும் மேடையில் பேச மாட்டார்கள் என்பதை இளம் சீர்திருத்தவாதி இங்கே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். சங்கம் டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே உள்ள புனித உறவைப் பற்றிப் பேசியது. அந்தரங்கம் பற்றி, அரசாங்கக் குமாஸ்தா நோயாளியின் கோப்பைப் புரட்டுவது பற்றி, லண்டனிலிருந்து பரவும் சோஷலிச மருத்துவம் பற்றிப் பேசியது. எல்லைக்கு அந்தப் பக்கம் வட அயர்லாந்தில் 1948 ஜூலையிலிருந்து அதே சோஷலிச மருத்துவத்தைக் கத்தோலிக்கர்களும் நிம்மதியாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஐரிஷ் ஆயர்களின் தலைமைப் பீடமான ஆர்மா நகரமே அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இதைக் கேட்கலாம், பதில் வராது.

மந்திரிசபையிலேயே இன்னொரு டாக்டர் இருந்தார், பாதுகாப்பு மந்திரி டி.எஃப். ஓஹிக்கின்ஸ். அவருடைய அனுதாபம் சங்கத்தின் பக்கம். பிரௌன் சங்கத்தோடு உட்கார்ந்து பேசி, கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பாதி டாக்டர்களையாவது தன் பக்கம் இழுத்திருக்கலாம். பேசினார், ஆனால் எதிரே இருப்பவர் ஒவ்வொருவரும் காசுக்காகக் குழந்தைகளைச் சாகவிடுகிறார் என்ற முகத்தோடு பேசினார். அது உண்மையாகவே இருந்தாலும், அந்த முகத்தோடு யாரும் பேரம் பேசி ஜெயித்ததில்லை.

ஆயரைத் தனியாகப் போய்ப் பாருங்கள்

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்கள். டாக்டர்களின் சங்கடத்துக்கு இறையியல் துணை கிடைத்தது 1950 அக்டோபரில். மேனூத்தில் கூடிய ஆயர்கள் பிரதமருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். கையெழுத்திட்டவர் ஆயர் பேரவையின் செயலாளர், ஃபெர்ன்ஸ் ஆயர் ஜேம்ஸ் ஸ்டான்டன். பிள்ளைகளின் ஆரோக்கியத்தைக் கவனிப்பது பெற்றோரின் உரிமை, அரசு அதைப் பறிக்கக் கூடாது என்றது கடிதம். பத்து சதவீத ஏழைகளை வருமானச் சோதனையின் சங்கடத்திலிருந்து காப்பாற்ற மற்ற தொண்ணூறு சதவீதம் பேரின் உரிமையில் அரசு நுழைய வேண்டுமா என்றது. பெண்களுக்கு மகப்பேறு பற்றிச் சொல்லித்தரும்போது யார் சொல்லித்தருவார்கள், என்ன சொல்லித்தருவார்கள் என்றது. கடைசிக் கேள்வியின் பொருள் கருத்தடை. 1935 முதல் அயர்லாந்தில் கருத்தடைச் சாதனம் விற்பதே குற்றம் என்பதால், அரசாங்க டாக்டர் அதை ரகசியமாகப் புகட்டிவிடுவார் என்ற பயம் கொஞ்சம் அதிகம்தான்.

பெற்றோர் உரிமை பற்றிய வாதத்தைச் சிரித்து ஒதுக்கிவிடக் கூடாது. சர்வாதிகாரங்கள் குழந்தைகளைச் சீருடை மாட்டி அணிவகுக்க வைத்த காலம் முடிந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. அரசு குடும்பத்துக்குள் எவ்வளவு தூரம் வரலாம் என்ற கேள்வி நியாயமானது. இருமலுக்கு மருந்து வாங்கப் போகிற தாயிடம் அதைக் கேட்டதுதான் வேடிக்கை.

அக்டோபர் 11ஆம் தேதி பேராயர் மக்வெய்ட், ஸ்டான்டன், கால்வே ஆயர் மைக்கேல் பிரௌன் மூவரும் மந்திரியை வரச்சொன்னார்கள். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்: ஒரு பிரௌன் திட்டம் தீட்டினார், இன்னொரு பிரௌன் தடுத்தார். ஆயர்கள் பெயருக்கு முன்னால் சிலுவைக்குறி போட்டுக் கையெழுத்திடுவார்கள் அல்லவா, அதை வைத்து கால்வே ஆயரை ஊரார் கேலியாக 'கிராஸ் மைக்கேல்' என்பார்கள். அவருடைய சுபாவத்துக்கும் அது பொருந்தியது. டாக்டர் தனியாகப் போனார். சாட்சி இல்லை, குறிப்பெடுக்க அதிகாரி இல்லை. ஆயர்களின் சந்தேகங்களைத் தீர்த்துவிட்டேன் என்ற நினைப்போடு வெளியே வந்தார். சந்தேகம் தீரவே இல்லை என்ற நினைப்போடு ஆயர்கள் உள்ளே இருந்தார்கள். இந்தக் கையேட்டில் நேர்மையாகப் பரிந்துரைக்கும் ஒரே யோசனை: அதிகாரம் உள்ள யாரைப் பார்க்கப் போனாலும் கூட ஒருவரை அழைத்துப் போங்கள். பதவியை இழக்க விரும்பினால் மட்டும் தனியாகப் போங்கள்.

கடிதத்தை மேஜை இழுப்பறையில் தூங்கவிடுங்கள்

ஆயர்களின் கடிதம் பிரதமர் வழியாக மந்திரிக்கு வந்தது. அவர் பதில் தயாரித்து காஸ்டெல்லோவிடம் கொடுத்தார். காஸ்டெல்லோ அதை அனுப்பவில்லை. நவம்பர் போனது, கிறிஸ்துமஸ் போனது, ஜனவரி, பிப்ரவரி. பதில் போய்விட்டது, ஆயர்களும் திருப்தி என்று பிரௌன் நம்பிக்கொண்டிருந்தார். பதிலே வரவில்லையே என்று ஆயர்கள் கோபத்தில் இருந்தார்கள். நடுவில் இருந்தவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அரசாங்கத்தில் ஒரு திட்டத்தைக் கொல்ல அதை எதிர்க்க வேண்டிய அவசியம் கிடையாது, தபாலில் சேர்க்காமல் இருந்தால் போதும்.

இதற்கிடையே அந்த அரசாங்கத்தையே உலுக்கிக்கொண்டிருந்தது வேறொரு பிரச்சினை: பால்டிங்கிளாஸ் என்ற சிற்றூரின் தபால் நிலையத்தை யார் நடத்துவது? பல வருடம் அதை நடத்திய குடும்பத்தைத் தள்ளிவிட்டு, தொழிற்கட்சி மந்திரி தம் ஆதரவாளருக்குக் கொடுத்துவிட்டார். ஊர் திரண்டது, தந்திக் கம்பிகளை அறுத்தது. இந்த விவகாரத்தை ஒட்டி, பிரௌனை அரசியலுக்கு அழைத்துவந்த நோயல் ஹார்ட்னெட் கட்சியை விட்டே விலகினார். மக்பிரைடும் பிரௌனும் அநேகமாகப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

1951 மார்ச்சில் பிரௌன் திட்டத்தை மக்களிடம் நேரடியாக அறிவித்துவிட்டார். மக்வெய்டிடமிருந்து உடனே கடிதம் பறந்தது. பிரௌன் தனியாக ஓர் இறையியலாளரைப் பிடித்து விசாரித்தார். திட்டம் கத்தோலிக்க ஒழுக்கப் போதனைக்கு முரணில்லை என்று அவர் சொன்னார். மந்திரிசபையும் விசுவாசம், ஒழுக்கம் ஆகியவற்றில் மட்டும் ஆயர்களுக்குக் கட்டுப்படும் என்பதுதான் பிரௌனின் கணக்கு. ஏப்ரலில் வந்த தீர்ப்போ, திட்டம் கத்தோலிக்கச் 'சமூகப்' போதனைக்கு எதிரானது என்றது. ஒழுக்கத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. பிரௌன் இந்த வித்தியாசத்தை மந்திரிகளிடம் எடுத்துக்காட்டினார். ஒருவருக்கும் அது புரியவில்லை, அல்லது நன்றாகப் புரிந்தது.

இந்த நாட்களில் அவர் ஆயர்களை நேரில் போய்ப் பார்த்த கதைகள் அவருடைய சுயசரிதையில் வருகின்றன. கால்வே ஆயர் உபசரித்து சிகரெட் நீட்டியதையும், அது லண்டன் பாண்ட் ஸ்ட்ரீட் சரக்கு என்று பெருமையாகச் சொன்னதையும் முப்பத்தைந்து வருடம் கழித்தும் அவர் மறக்கவில்லை. பிரௌன் தன்னை எதிர்த்தவர்களைக் கொஞ்சம் கார்ட்டூனாகவே வரைவார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய புத்தகம் அது. இருந்தாலும் காச நுரையீரலுக்கு எதிரே நீட்டிய அந்த சிகரெட்டை நான் நம்புகிறேன்.

ராஜினாமாவோடு கடிதக் கட்டையும் கொடுங்கள்

ஏப்ரல் 6ஆம் தேதி மந்திரிசபை கூடித் திட்டத்தைக் கைவிட்டது. பிரௌன் பக்கம் ஒரு குரல்கூட இல்லை. துப்பாக்கி தூக்கிய மக்பிரைட் நான்கு நாள் கழித்து ராஜினாமா கேட்டார்.

இந்த இடத்தில் சாதாரண மந்திரி 'உடல்நிலை காரணமாக' என்று எழுதிக்கொடுத்துவிட்டு, அடுத்த சீரமைப்பில் மீன்வளத் துறைக்குக் காத்திருப்பார். பிரௌன், பிரதமருக்கும் ஆயர்களுக்கும் தனக்கும் இடையே போன கடிதங்களைக் கட்டாகக் கட்டிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். ஏப்ரல் 12ஆம் தேதி காலையில் நாடு காபியோடு அவற்றைப் படித்தது. அயர்லாந்தில் ஆயர்கள் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதுவது புதிதல்ல. 1947இல் டி வலேராவுக்கும் எழுதியிருந்தார்கள். அதை வாக்காளர் படிப்பதுதான் புதிது. நாட்டை உண்மையில் ஆள்வது கத்தோலிக்கத் திருச்சபைதான் போலிருக்கிறது என்று ஐரிஷ் டைம்ஸ் தலையங்கம் எழுதியது. பெல்ஃபாஸ்டில் ஒன்றுபட்ட அயர்லாந்தை எதிர்த்தவர்கள், தாங்கள் இத்தனை காலம் மேடையில் கத்தியதற்கு இப்படி அச்சிட்ட சாட்சி கிடைக்கும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பாராளுமன்றத்தில் காஸ்டெல்லோ, தான் முதலில் கத்தோலிக்கன், பிறகுதான் ஐரிஷ்காரன் என்றார். அவருக்குக் கோபம் ஆயர்கள் எழுதியதில் இல்லை, அது வெளியே வந்ததில். எதிர்க்கட்சி வரிசையில் டி வலேரா, கேட்ட வரைக்கும் போதும் என்கிற மாதிரி ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டார். அவருடைய பழைய அலமாரியிலும் அதே கையெழுத்துள்ள உறைகள் இருந்தன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ராஜினாமா உரையில் பிரௌனே, கத்தோலிக்கன் என்ற முறையில் ஆயர்களின் தீர்ப்பை ஏற்கிறேன் என்றார். அவரைத் திருச்சபையின் எதிரியாக்கிப் பின்னாளில் சிலை வடித்தவர்கள் இந்த வரியைத் தவிர்த்துவிடுவார்கள். அன்று அவருக்கு வருத்தம் ஆயர்கள்மேல் இருந்ததைவிட, ஆயர்களின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட சகாக்கள்மேல் அதிகம்.

ஆட்சியும் போகட்டும்

சில வாரத்தில் அரசாங்கம் கவிழ்ந்தது. காரணம் தாய் சேய் திட்டம் என்று நினைப்பீர்கள். பால் விலை. விவசாயிகளின் ஆதரவு பெற்ற சில சுயேச்சைகள் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். மே மாதத் தேர்தலில் பிரௌன் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். மக்பிரைடின் கட்சி பத்திலிருந்து இரண்டுக்கு வந்தது. பிரௌன் போய் டி வலேராவை ஆதரித்தார், 1953இல் அவருடைய கட்சியிலேயே சேர்ந்தார்.

அந்த வருடம் டி வலேரா அரசாங்கம் தாய் சேய் சேவையை மறுபடி கொண்டுவந்தது, வருமானச் சோதனையோடு, குழந்தைக்கு ஆறு வாரம் வரை. ஆயர்கள் இதற்கும் கண்டனக் கடிதம் தயாரித்தார்கள், இந்த முறை பத்திரிகைகளுக்கே. விஷயம் காதுக்கு எட்டியதும் டி வலேரா நேராகக் கர்தினால் டால்டனிடம் போய்ப் பேசினார். கடிதம் அச்சேறவில்லை. சில திருத்தங்கள், சில புன்னகைகள், சட்டம் நிறைவேறியது. பதவியைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்ற வேறு கையேட்டுக்கான பாடம் அது.

நிறுத்தாதீர்கள்

பிரௌன் எந்தக் கட்சியிலும் தங்கவில்லை. மக்பிரைட் கட்சி, டி வலேரா கட்சி, ஜாக் மக்வில்லனோடு சேர்ந்து 1958இல் தொடங்கிய சொந்தக் கட்சி, 1963இல் தொழிற்கட்சி, கடைசியில் ஒரு சின்ன சோஷலிசக் கட்சி. எதிலும் தலைமையோடு ஒத்துப்போகவில்லை. தோற்றார், ஜெயித்தார், சீட்டு மறுக்கப்பட்டார், செனட்டுக்குப் போனார். அந்தச் செனட் இடமும் பேராயர் தடுத்த டிரினிட்டி பட்டதாரிகளின் ஓட்டில் வந்தது. பிழைப்புக்கு மனநல மருத்துவம் பார்த்தார்.

எதிர்ப்பதென்றால் டி வலேராவையும் விடவில்லை. ஐரிஷ் பிரஸ் பத்திரிகையில் பிரதமருக்கு இருந்த பிடியை 1958இல் பாராளுமன்றத்தில் அம்பலப்படுத்தினார். அடுத்த வருடம் டி வலேரா ஜனாதிபதி மாளிகைக்கு நகர்ந்தார். 1962இல் கியூபா நெருக்கடியின்போது அமெரிக்கத் தூதரகத்தின் முன்னால் ஆர்ப்பாட்டம் செய்தபோது போலீஸ் நாய்கள் இந்த முன்னாள் மந்திரியைக் கடித்தன. 1972இல் கருத்தடையை அனுமதிக்க ஒரு மசோதா கொண்டுவந்தார், சபை அதை விவாதத்துக்கு எடுக்கவே மறுத்தது. அதே வருடம் மக்வெய்ட் ஓய்வு பெற்றார். அதே வருடம் டிசம்பரில் மக்கள் ஓட்டுப்போட்டு, திருச்சபையின் விசேஷ இடத்தை அரசியல் சட்டத்திலிருந்து நீக்கினார்கள். ஆயர்கள்கூடப் பெரிதாக எதிர்க்கவில்லை.

1982இல் அரசியலை விட்டு கானமாராவின் கடற்கரைக்குப் போனார். 1986இல் வந்த சுயசரிதையில் பழைய கணக்குகள் எல்லாவற்றையும் வட்டியோடு தீர்த்துக்கொண்டார். அது விற்பனையில் சக்கைப்போடு போட்டது. 1997 மே மாதம் இறந்தார்.

திட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1951இல் அவர் கேட்டது பதினாறு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச வைத்தியம். அயர்லாந்தில் வருமானச் சோதனை இல்லாமல் ஆறு வயதுக்குக் கீழுள்ள எல்லாக் குழந்தைகளும் குடும்ப டாக்டரை இலவசமாகப் பார்க்கலாம் என்று ஆனது 2015இல். 2023இல் அது எட்டு வயதுக்குக் கீழ் என்று நீண்டது. எட்டு வருடத்துக்கு இரண்டு வயது என்ற இதே கணக்கில் போனால் 2055இல் பதினாறு வந்துவிடும். டாக்டர்கள் சங்கத்தோடு ஃபீஸ் பேச்சுவார்த்தை நடக்கிற காலத்தைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.